டரான்டுலா ஆணா, பெண்ணா? உரித்த சட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

டரான்டுலா என்ற பெரிய, முடி நிறைந்த சிலந்தியை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வந்தே தீரும். வெறும் ஆர்வத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது. பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா, அபோனோபெல்மா போன்ற மெதுவாக வளரும் பேரினங்களில் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதே இனத்து ஆண், பருவம் அடைந்த பிறகு பெரும்பாலும் சில மாதங்கள், மிஞ்சிப் போனால் ஓரிரு ஆண்டுகள்தான் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலந்தி திடீரென உணவை ஒதுக்கி, ராத்திரி முழுக்கக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தால், அது நோயா அல்லது பருவமடைந்த ஆணின் இயல்பா என்று புரிந்துகொள்ளவும் பாலினம் தெரிந்திருக்க வேண்டும். இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. சட்டையின், அதாவது சிலந்தி வளரும்போது உரித்துப் போடும் பழைய மேல்தோலின் உட்புறத்தைப் பார்ப்பது, உயிருள்ள சிலந்தியின் அடிவயிற்றைப் பார்ப்பது, பருவமடைந்த ஆணின் உடல் மாற்றங்களைப் பார்ப்பது. மூன்றில் சட்டையைப் பார்ப்பதே உறுதியானது. சிலந்தியைத் தொடாமலேயே செய்யலாம், அவசரமில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் எடுத்துவைத்து மறுபடி பார்க்கலாம். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி சட்டையைப் பற்றித்தான்.

எதைத் தேடுகிறோம்?

பெண் டரான்டுலாவின் வயிற்றுக்குள் விந்துகொள்பை என்ற உறுப்பு இருக்கிறது. இணை சேர்ந்த பிறகு ஆணின் விந்து முட்டையிடும் காலம்வரை இதில்தான் சேமித்து வைக்கப்படும். இந்தப் பை வெளித்தோலே உள்நோக்கி மடிந்து உருவானது. அதனால் சிலந்தி சட்டை உரிக்கும்போது கால், உடல், நச்சுப்பல் ஆகியவற்றின் மேலுறையோடு விந்துகொள்பையின் உறையும் சேர்ந்து கழன்று வந்துவிடும். இணை சேர்ந்த பெண் முட்டையிடாமல் சட்டை உரித்துவிட்டால் சேமித்த விந்தும் போய்விடும், மறுபடி இணை சேர்க்க வேண்டியிருக்கும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆணின் உடலில் விந்தை உருவாக்கும் உறுப்பு இப்படித் தோலால் ஆனது இல்லை. எனவே அது சட்டையில் பதியாது. அதாவது சட்டையில் நாம் தேடுவது பெண்ணுக்கு மட்டுமே இருக்கும் ஓர் உறுப்பை. இதை மனதில் நன்றாக நிறுத்திக்கொள்ளுங்கள். விந்துகொள்பையைக் கண்டால் பெண், விஷயம் முடிந்தது. காணவில்லை என்றால் அது ஆணாக இருக்கலாம், சட்டை கிழிந்திருக்கலாம், சரியாக விரியாமல் இருக்கலாம், சிலந்தி மிகவும் குட்டியாக இருக்கலாம். ‘பெண்’ என்பதற்கு ஒரு பார்வை போதும். ‘ஆண்’ என்று சொல்ல, முழுசாக இருக்கும் சட்டையை ஒழுங்காக விரித்து, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் வருகின்றன.

எங்கே தேடுவது? டரான்டுலாவின் அடிவயிற்றில் நான்கு புத்தக நுரையீரல்கள் (தாள்களை அடுக்கியது போன்ற மூச்சு உறுப்புகள்) உள்ளன: தலைப்பக்கம் ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடி. முன்ஜோடியின் பின்விளிம்பை ஒட்டி, ஒரு நுரையீரலிலிருந்து மற்றொன்று வரை குறுக்காக ஒரு பிளவு ஓடும். இனப்பெருக்கத் துளை இருப்பது அங்கேதான். பெண்ணாக இருந்தால் அந்தப் பிளவின் நடுவில், சட்டையின் உட்புறத்தில், விந்துகொள்பை ஒட்டிக்கொண்டிருக்கும். பின்ஜோடி நுரையீரலுக்கு நடுவில் தேடி நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு; அங்கே எதுவும் இருக்காது.

சட்டையை எப்போது, எப்படி எடுப்பது?

உணவை மறுப்பது, மந்தமாக இருப்பது, முடி உதிர்ந்த வயிற்றுப் பகுதி கறுத்துப்போவது இவையெல்லாம் சட்டை உரிக்கப் போவதன் அறிகுறிகள். பிறகு ஒருநாள் மல்லாந்து படுத்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பயந்து தொட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். கூண்டை நகர்த்தவும் வேண்டாம். அந்தச் சில மணி நேரத்தில் ஏற்படும் ஒரு சின்ன இடைஞ்சலில் கால் போகலாம், உயிரே போகலாம்.

உரித்து முடித்ததும் சட்டைக்காகப் பாய வேண்டியதில்லை. சிலந்தியின் புதுத்தோல் மெத்தென்று இருக்கும், நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும். அது எழுந்து, கால்களை நீட்டி மடக்கி, சட்டையை விட்டுத் தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நகர்ந்துவிடும். அப்போது நீண்ட இடுக்கியால், சட்டையின் தலைமார்புப் பகுதியையோ (தலையும் மார்பும் ஒன்றாக இணைந்த, கால்கள் முளைக்கும் முன்பகுதி) ஒரு காலையோ பிடித்து மெல்ல வெளியே எடுக்கலாம். வயிற்றுப் பகுதியைப் பிடித்து இழுக்கக் கூடாது, நமக்கு வேண்டியதே அதுதான்.

சில சிலந்திகள் சட்டையை நச்சுப்பல்லால் கடித்துச் சுருட்டி உருண்டையாக்கிவிடும். குட்டிகள் இதை அதிகம் செய்யும். வளைக்குள் வாழ்பவை உள்ளேயே வைத்திருந்து, சில நாள் கழித்து வாசலில் தள்ளும், சில சமயம் தண்ணீர்க் கிண்ணத்தில் போடும். வளையைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். அடுத்த சட்டை எப்படியும் வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பெரும்பாலான டரான்டுலாக்களின் வயிற்றில் அரிப்பை உண்டாக்கும் நுண்முடிகள் இருக்கும். சட்டையிலும் அவை அப்படியே இருக்கும், காய்ந்த பிறகும் வேலை செய்யும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சட்டைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்க்கப் போவதால் மூக்கையும் கண்ணையும் காத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்து கை கழுவும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள். கண்ணில் ஏறிய முடியை எடுப்பது மருத்துவருக்கே சிரமமான வேலை.

என்னென்ன வேண்டும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். தட்டையான வெள்ளைத் தட்டு அல்லது கண்ணாடித் தகடு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய ஓவியப் பிரஷ் இரண்டு, கூர்மை இல்லாத இடுக்கி, ஒரு பல்குத்தி, டார்ச். சிலந்தி பெரிதாக இருந்தால் வெறும் கண்ணே போதும். நடுத்தர அளவுக்கு 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வேண்டும். கால்விரிப்பு 3, 4 செ.மீ. மட்டுமே உள்ள குட்டிகளின் சட்டையைப் பார்க்க நுண்ணோக்கிதான் சரி. மொபைலில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் ஓரளவு உதவும். கால்விரிப்பு என்பது ஒருபக்க முன்காலின் நுனியிலிருந்து மறுபக்கப் பின்காலின் நுனிவரை மூலைவாட்டில் அளப்பது.

ஊறவைத்து விரிப்பது

சட்டை கிடைத்த அன்றே ஈரப்பதத்தோடு இருந்தால் ஊறவைக்காமலே விரிக்க முடியும். ஒருநாள் தாண்டினால் வயிற்றுப் பகுதி காய்ந்து சுருங்கி, தொட்டாலே நொறுங்கும். அவசரப்பட்டு விரித்தால் நாம் தேடும் இடமே கிழிந்துபோகும்.

முதலில் சட்டையை நன்றாகப் பாருங்கள். கால்களும், தலைமார்பின் மூடியும் கெட்டியாக இருக்கும். மூடி ஒரு கதவு திறந்த மாதிரி தனியாக நிற்கும், சிலந்தி அந்த வழியாகத்தான் வெளியே வந்தது. பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, கசங்கிய சிறு மூட்டையாக இருப்பதுதான் வயிற்றுத் தோல். மிக மெல்லியது, ஒளி ஊடுருவும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, சட்டையை முழுதாக அதில் போடுங்கள். சோப்பு எதற்கு என்றால், டரான்டுலாவின் தோலும் முடியும் தண்ணீரை ஒட்டவிடாது. சோப்பு கலந்தால்தான் மடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். புதுச் சட்டைக்குக் கால் மணி நேரம் போதும், பல நாள் காய்ந்ததை ராத்திரி முழுக்க ஊறவிடலாம். தண்ணீருக்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் ஊறவைப்பார்கள். இரண்டும் வேலை செய்யும். அது வேகமாக ஆவியாகி, விரிக்கும்போதே காய்ந்துவிடுவதால் எனக்குச் சோப்புத் தண்ணீர்தான் பிடிக்கும்.

மெத்தென்று ஆனதும், தண்ணீருக்குள்ளேயே விரிக்கத் தொடங்குங்கள். வெளியே எடுத்தால் தோல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் மிதக்கும்போது பிரஷ் லேசாகத் தொட்டாலே மடிப்பு பிரியும். ஒரு பிரஷால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வெளிநோக்கித் தள்ளுங்கள். இழுக்காதீர்கள். பிரிய மறுத்தால் இன்னும் ஊறட்டும். இந்தக் கட்டத்தில் பொறுமை காட்டினால், பின்னால் பாலினம் பார்க்கும் வேலை ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான்கு வெள்ளைத் திட்டுகள் கண்ணில் படும்வரை விரியுங்கள். அவைதான் புத்தக நுரையீரல்களின் உறைகள். மற்ற இடமெல்லாம் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்க, இவை மட்டும் பளிச்சென்று தெரியும். நான்கும் தெரிந்தால் வழி தெரிந்துவிட்டது. இப்போது எது முன்ஜோடி, எது பின்ஜோடி? தலைமார்பும் கால்களும் இருக்கும் பக்கம் உள்ளதுதான் முன்ஜோடி. வயிறு தலைமார்பிலிருந்து அறுந்து தனியாக வந்திருந்தால், நூல் சுரக்கும் காம்புகளைத் தேடுங்கள்; அவை வயிற்றின் கடைசியில் இருக்கும், அவற்றுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது முன்ஜோடி.

அடுத்து, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்? உட்புறம். முடி இருக்கும் பக்கம் வெளிப்புறம், வழுவழுப்பான பக்கம் உட்புறம். உட்புறத்திலிருந்து பார்த்தால் நுரையீரல் உறைகள் தட்டையாக இல்லாமல், அடுக்கிய மெல்லிய தாள்களாகத் துருத்திக்கொண்டிருக்கும். வெளிப்புறம் மேலே இருந்தால் விந்துகொள்பை உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மறைந்திருக்கும்.

பார்ப்பது

விரித்த தோலைத் தட்டின்மேல் பரப்பி, அதிகத் தண்ணீரை டிஷ்யூ தாளின் ஓரத்தால் உறிஞ்சி எடுங்கள். முழுதாகக் காயவிட வேண்டாம். முன்ஜோடி நுரையீரல்களுக்கு நடுவே குறுக்காக ஓடும் பிளவுக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதன் சரியான நடுப்பகுதியில் பார்வையை நிறுத்துங்கள்.

பெண்ணாக இருந்தால் அங்கே தோலிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு மடிப்பு இருக்கும். ஒற்றைத் தகடாகவோ, இரண்டு தனித்தனிக் குமிழ்களாகவோ இருக்கலாம். வளர்ந்த பெண்ணில் அது சுற்றியுள்ள தோலைவிடத் தடித்து, பழுப்போ சிவப்போ கலந்த நிறத்தில் இருக்கும். ஈரத்தில் தோலோடு படிந்து கிடந்தாலும் அது தோலோடு ஒன்றாகிவிட்ட பகுதி இல்லை. அடிப்பகுதி மட்டும் பிளவில் ஒட்டியிருக்கும், நுனி கட்டின்றி இருக்கும்.

அதைச் சோதிக்க ஒரு நல்ல வழி: பிரஷின் நுனியையோ ஈரமான பல்குத்தியையோ பிளவின் இருபக்கத்திலிருந்தும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். விந்துகொள்பை இருந்தால் அது தூக்கிக்கொண்டு எழும்பும், விட்டால் திரும்பப் படியும். ஆணாக இருந்தால் தூக்குவதற்கு எதுவும் இருக்காது. வழுவழுப்பான தோலும் பிளவுக் கோடும் மட்டுமே. படத்தை மட்டும் பார்த்துச் சொல்வதைவிட இப்படித் தொட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல். நிழலும் சுருக்கமும் கண்ணை ஏமாற்றும், பிரஷை ஏமாற்றாது.

வெளிச்சத்தை இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணாடித் தகட்டுக்கு அடியிலிருந்து, டார்ச்சோ மொபைலின் வெள்ளைத் திரையோ வைத்து. தடித்த விந்துகொள்பை ஒளியை மறைத்து, இருண்ட உருவமாகத் தெளிவாகத் தெரியும். பிறகு பக்கவாட்டில் சாய்வாக ஒளி பாய்ச்சினால் எழும்பி நிற்பவற்றின் நிழல் விழும். குட்டிப் பெண்ணின் விந்துகொள்பை கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருப்பதால் அடியிலிருந்து வரும் ஒளியில் தப்பிவிடலாம். சாய்வு வெளிச்சத்தில் அகப்படும்.

இனத்துக்கு இனம் வடிவம் மாறும்

விந்துகொள்பை இப்படித்தான் இருக்கும் என்று ஒரே படத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவீர்கள். அவிகுலேரியாவில் அது ஒன்றோடொன்று ஒட்டாத, நீண்ட, ஒல்லியான இரண்டு குழல்கள். கிராமோஸ்டோலாவில் இரண்டு தனித்தனி உருண்டை மடல்கள். பிராக்கிபெல்மாவில் இரண்டும் இணைந்து அகலமான ஒரே தகடாக இருக்கும். தெரபோசாவிலும் ஒன்றாக இணைந்ததுதான், அரைவட்டம். இந்த வடிவ வேறுபாடு அறிவியலாளர்களுக்கும் முக்கியமானது, இனங்களைப் பிரித்தறிய அவர்கள் பார்க்கும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. எனவே உங்கள் சிலந்தியின் பேரினத்தில் வளர்ந்த பெண்ணின் விந்துகொள்பை எப்படி இருக்கும் என்ற படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விதிவிலக்கும் இருக்கிறது. சிக்கியஸ் லாங்கிபல்பி, என்சியோக்ராடெல்லா ஒலிவேசியா ஆகிய இரண்டு இனங்களின் பெண்களுக்கு விந்துகொள்பையே கிடையாது. இவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் குறைவு. இருந்தாலும், இந்த இனங்களில் ‘ஒன்றும் இல்லை’ என்பதை வைத்து ஆண் என்று முடிவு செய்யவே முடியாது.

ஏமாற்றும் இடங்கள்

முதல் சிக்கல் வயது. குட்டிப் பெண்ணுக்கும் விந்துகொள்பை உண்டு, ஆனால் அது மிகச் சிறியது, நிறமற்றது. ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் வளர்ந்து, வடிவம் பெற்று, தடித்துக்கொண்டே போகும். கால்விரிப்பு 5 செ.மீ. தாண்டாத சிலந்தியின் சட்டையைக் கைலென்ஸில் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால், ‘ஆண் போலிருக்கிறது’ என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த சட்டைக்குக் காத்திருங்கள். குட்டிகள் அடிக்கடி சட்டை உரிப்பதால் அதிக நாள் ஆகாது. வளர்ந்தவை ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோதான் உரிக்கும்.

இரண்டாவது, சில ஆண்களின் சட்டையில் அதே இடத்தில் தெரியும் துணை உறுப்புகள். மிகச் சிறிய இரண்டு புடைப்புகளாக இருக்கும் இவற்றைப் பார்த்து, குட்டிப் பெண்ணின் இரட்டை விந்துகொள்பை என்று நினைக்க வாய்ப்பு மிக அதிகம். அனுபவசாலிகளும் இதில் சறுக்குவார்கள். வேறுபாடு என்னவென்றால், விந்துகொள்பை பிளவின் நடுவில் ஒரு மடிப்பாக எழும்பும், பிரஷுக்கு நகரும், அடுத்தடுத்த சட்டைகளில் தெளிவாகப் பெரிதாகும். உங்கள் பேரினத்தில் ஒற்றைத் தகடு இருக்க வேண்டும் என்று தெரிந்தும் இரண்டு சின்னப் புடைப்புகள் தெரிந்தால், அவசரப்பட்டுப் பெண் என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, தோலின் சுருக்கம். பிளவின் ஓரம் மடங்கி நின்றால் விந்துகொள்பை மாதிரியே தெரியும். மறுபடி நனைத்து, தட்டையாகப் பரப்பிப் பார்த்தால் காணாமல் போய்விடும்.

நான்காவது, கிழிந்த சட்டை. முன்ஜோடி நுரையீரலுக்கு நடுவே கிழிசலோ ஓட்டையோ இருந்தால் அந்தச் சட்டையை வைத்து ஆண் என்று முடிவு செய்ய உரிமை இல்லை. துண்டுகள் தட்டில் எங்காவது மிதக்கின்றனவா என்று பாருங்கள். சில நேரம் அறுந்துபோன துண்டிலேயே விந்துகொள்பை கிடைக்கும்.

உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் அனுபவம் உள்ளவரிடம் படம் காட்டலாம். நான்கு நுரையீரலும் தெரியும்படி ஒரு படம், நடுப்பகுதியை நெருங்கி எடுத்த படம், அடியிலிருந்து ஒளி வரும்போது ஒன்று, சாய்வு ஒளியில் ஒன்று. கூடவே இனத்தின் பெயர், கால்விரிப்பு, உட்புறம் மேலே இருக்கிறது என்ற தகவல். இவை இல்லாமல் கசங்கிய சட்டையை மங்கலாக எடுத்துக் காட்டினால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

உயிருள்ள சிலந்தியின் அடிவயிற்றைப் பார்ப்பது

சட்டை கிடைக்காதபோது இதுதான் வழி. ஓரளவு வளர்ந்த சிலந்தியில் நன்றாகப் பலன் தரும், குட்டிகளில் நம்ப முடியாது. சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கும்போது வெளியிலிருந்து படம் எடுக்கலாம். இல்லையென்றால் அடிப்பகுதி ஒளி ஊடுருவும் சுத்தமான டப்பாவுக்குள் அதை நடக்கவிட்டு, கீழிருந்து எடுக்கலாம். கையில் பிடித்துத் திருப்புவது வேண்டவே வேண்டாம். சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலும் டரான்டுலாவின் வயிறு வெடித்துவிடக் கூடும்.

வெளியிலிருந்தும் அதே இடத்தைத்தான் பார்க்கிறோம்: முன்ஜோடி நுரையீரல்களுக்கு நடுவில் உள்ள பகுதி, அதன் பின்விளிம்பில் உள்ள பிளவு. பெண்ணில் பிளவு அகலமாகவும், அதன் உதடு சற்றுப் புடைத்தும் இருக்கும். ஆணில் அந்தப் பகுதி குறுகலாக, தட்டையாக, பிளவு மெல்லிய கோடாக இருக்கும்.

ஆணுக்கென்றே ஓர் அடையாளமும் உண்டு. பிளவுக்குச் சற்று முன்னால், நடுவில், நூல் சுரக்கும் நுண்ணிய முளைகள் கூட்டமாக இருக்கும். பருவமடைந்த ஆண் விந்தைச் சொட்டுவதற்கென்று ஒரு வலை பின்னும். அந்த வலையைப் பின்ன உதவுபவை இவை. படத்தில் இது கறுத்த புள்ளியாகவோ சிறு அரைவட்டமாகவோ, சுற்றியுள்ள முடியிலிருந்து வேறு திசையில் படிந்த திட்டாகவோ தெரியும். வெளிர்நிறச் சிலந்திகளில் சட்டென்று தெரியும். கிராமோஸ்டோலா புல்க்ரா மாதிரி உடல் முழுக்கக் கறுப்பான இனங்களில் கண்ணுக்கு அகப்படுவதே கஷ்டம்; அங்கே வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து, பல கோணங்களில் எடுக்க வேண்டும்.

இந்த முறையில் கிடைப்பது ஒரு நல்ல ஊகம். ஒரே ஒரு சிலந்தியைத் தனியாகப் பார்த்துச் சொல்வது கடினம். ஒரே இனத்தில் ஒரே அளவுள்ள இரண்டு மூன்றின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தானாகத் தெரியும். முடிவை அடுத்த சட்டையோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பருவமடைந்த ஆண்

இதற்கு லென்ஸ்கூட வேண்டாம். ஆண் தன் கடைசிச் சட்டையை உரித்து வெளியே வரும்போது வேறொரு சிலந்தி மாதிரியே இருக்கும். கால்கள் நீண்டு, வயிறு சிறுத்து, உடல் ஒல்லியாகும். முகத்துக்கு முன்னால் உள்ள பெடிபால்ப் என்ற குட்டையான ஜோடி உறுப்பின் நுனியைப் பாருங்கள். அதுவரை காலின் நுனி மாதிரி இருந்தது, இப்போது குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போலத் தடித்திருக்கும். அதற்கு அடியில் மடங்கியிருப்பது பளபளப்பான, கூர்முனை கொண்ட ஒரு குமிழ். ஆண் தன் வலையில் சொட்டிய விந்தை இந்தக் குமிழில்தான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இணை சேரும்போது இதைக் கொண்டே பெண்ணுக்குள் செலுத்தும்.

இரண்டாவது அடையாளம், முதல் ஜோடிக் கால்களின் உட்புறத்தில் இருக்கும் கொக்கிகள். இணை சேரும்போது பெண்ணின் நச்சுப்பல்லைத் தாங்கிப் பிடிக்க இவை உதவும். ஆனால் எல்லா இனத்திலும் கொக்கி கிடையாது. பொயிசிலோதெரியா ஆண்களுக்கு இல்லை. தெரபோசா பிளாண்டிக்கும் தெரபோசா ஸ்டிர்மிக்கும் இல்லை, அதே பேரினத்து தெரபோசா அபோபிசிஸுக்கு உண்டு. எனவே கொக்கி இல்லை என்பதால் ஆண் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். பெடிபால்ப் குமிழ் மட்டும் எல்லா இனத்து ஆண்களிலும் இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கடைசியாக உரித்த சட்டையில் குமிழையும் கொக்கியையும் தேடாதீர்கள். சட்டை என்பது சிலந்தியின் முந்தைய நிலை. அந்த மாற்றங்கள் புதுத்தோலில்தான், அதாவது சிலந்தியின் உடலில்தான் இருக்கும்.

சில இனங்களில் நிறமும் மாறும். பாம்போபீட்டியஸ் ஆண்கள் ஊதா நிறத்தில் மின்னும். பொயிசிலோதெரியா ஆண்கள் பலவற்றில் நிறம் மங்கி, கோலங்கள் தெளிவிழக்கும். இதெல்லாம் பருவமடைந்த பிறகுதான் முழுமையாகத் தெரியும் என்பதால், முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிதாக உதவாது.

எதை நம்பக் கூடாது?

வயிறு பெரிதாக இருந்தால் பெண் என்பார்கள். அது சாப்பாட்டின் அளவைத்தான் காட்டும். வேகமாக வளர்வது ஆண் என்பார்கள். ஆண்கள் சீக்கிரம் பருவமடைவது உண்மை, ஆனால் வெப்பமும் உணவும் வளர்ச்சியை மாற்றும் என்பதால் ஒரு சிலந்தியைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. குணத்தை வைத்துச் சொல்வதற்கு அடிப்படையே இல்லை. குட்டியாக வாங்கும்போது ‘இது பெண்தான்’ என்று யாராவது உறுதி கொடுத்தால், எந்தச் சட்டையைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். சட்டையோ படமோ இருந்தால் காட்டுவார்கள்.

சட்டைகளைச் சேர்த்து வையுங்கள்

பார்த்து முடித்த சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். வயிற்றுத் தோலை ஈரமாக இருக்கும்போதே உட்புறம் மேலே இருக்கும்படி ஒரு கெட்டி அட்டையில் பரப்பிக் காயவிட்டால் அப்படியே தட்டையாக நிற்கும். தேதி, கால்விரிப்பு, நீங்கள் கண்டது என்ன, முடிவு உறுதியா ஊகமா என்பதைப் பக்கத்தில் எழுதி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடுத்த சட்டை வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் புள்ளியாக இருந்தது அடுத்ததில் மடலாக வளர்ந்திருக்கிறதா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். அரிப்பு முடிகள் இதிலும் இருக்கும் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

பெண் என்று உறுதியானால் நீண்டகாலத்துக்குத் திட்டமிடலாம். பெரிய கூண்டுக்கு மாற்றுவது, ஆண்டுக்கணக்கில் யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் இப்போதே யோசிக்கலாம். ஆண் என்று உறுதியானால், ஒவ்வொரு சட்டைக்குப் பிறகும் பெடிபால்ப் நுனியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குமிழ் வந்துவிட்டால் அவன் சாப்பிட மறுப்பதும் ஓயாமல் அலைவதும் இயல்பு. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், அவ்வப்போது சிறிய இரை கொடுத்துப் பாருங்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் சரிபாருங்கள். இனப்பெருக்கத்துக்குக் கொடுக்க நினைத்தால் குமிழ் தெரிந்த சில வாரங்களிலேயே அதே இனத்துப் பெண் வைத்திருப்பவரைத் தேடத் தொடங்கிவிடுங்கள். அவன் தன் விந்து வலையை ஒருமுறையாவது பின்னிய பிறகு அனுப்பினால் போதும்.